சாமித்தம்பி கண்டுபிடித்த வாகரைக் கோட்டை

மட்டக்களப்புக் கோட்டையின் வாசலுக்கு வந்ததும் எங்கள் வழிகாட்டி ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுத்தார். தோளில் கிடந்த துவாயை விரித்தார். காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டு வாங்க ஐயா. வரலாற்ற நான் இஞ்ச இருந்தே சொல்றன்."

அவர் பெயர் சாமித்தம்பி. வாவி என்கிற உப்பங்கழியில் மீன் பிடிப்பவர். வழிகாட்டி வேலையை அன்று காலைதான் தொடங்கியிருந்தார். கோட்டையைச் சுற்றிக்காட்டவென்று அழைத்து வந்த மனிதர் கோட்டைக்குள் வர மறுப்பதை நான் எந்த நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை.

"ஒல்லாந்தன் எப்ப வந்த எண்டு கேளுங்க," என்றார்.

கேட்டேன்.

"சூறாவளிக்குக் கொஞ்சம் முதல்."

மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது 1978இல். ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் இந்தக் கோட்டையைப் பிடித்தது 1638இல். இடையில் முந்நூற்று நாற்பது ஆண்டுகள் இருப்பதை மரியாதையோடு எடுத்துச் சொன்னேன்.

"அதத்தான் கொஞ்சம் எண்டன்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அது 2010ஆம் ஆண்டின் ஆடி மாதம். போர் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. நான் தரங்கம்பாடிக்காரன். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு அடுத்த தெருவில் பிறந்தவன். கடலோரக் கோட்டைகள் எந்த ஆண்டில் எழுந்தன, எந்த ஆண்டில் யார் கைக்கு மாறின என்று வரிசைப்படுத்துவது என் பொழுதுபோக்கு. என் மனைவி வசந்தா அதை வியாதி என்பாள். இரண்டு நிபந்தனைகளோடு அவள் இந்தச் சுற்றுலாவுக்கு வந்திருந்தாள். தண்ணீர் தெரிகிற இடத்தில் தன்னைச் சும்மா உட்கார விட வேண்டும். எந்தக் கல்வெட்டையும் நான் உரக்கப் படிக்கக் கூடாது.

வசந்தா தூங்குகிறவரைப் பார்த்தாள். "உங்களவிட வெவரமானவரு," என்றாள்.

கோட்டைக்குள் கச்சேரி நடக்கிறது. கச்சேரி என்றால் இங்கே மாவட்டச் செயலகம்; வீடு, காணிப் பத்திரங்களைப் பெயர் மாற்றுவதும் இங்கேதான். படைவீரர்கள் காவல் நின்றிருக்க வேண்டிய சுவரோரமாக மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒல்லாந்தர் மிளகும் பட்டையும் வைத்திருந்த அறைகளாக இருக்கலாம் என்று நான் ஊகித்தவற்றில் கோப்புகள் அடுக்கியிருந்தார்கள். வாவிப் பக்கம் இருந்த பழைய பீரங்கி ஒன்றின்மேல் யாரோ சாப்பாட்டுப் பார்சலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஊர்க் கோட்டை கடலை நேருக்கு நேர் முறைக்கும். இது வாவியை ஓரக்கண்ணால் பார்க்கிறது.

எங்களை ஓட்டோவில் ஏற்றி வந்த வதனன் பின்னாலேயே வந்து பெருமூச்சு விட்டான். முப்பது வயதிருக்கும். நாங்கள் தங்கியிருந்த நாவற்குடா வீட்டுக்காரர்தான் அவனை ஏற்பாடு செய்து தந்தார்.

"மாமா உள்ளுக்கு வரமாட்டார் ஐயா. எனக்கு அப்பவே தெரியும். உங்களச் சாட்டிக் கொண்டு வந்தா எப்படியும் காணிப் பகுதி வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிரலாம் எண்டு பாத்தன்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சாமித்தம்பியின் மகள் சுகந்தியைத்தான் வதனன் கட்டிக்கொள்வதாக இருக்கிறான். பேசி முடித்து இரண்டு வருடமாகிறது. கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்பது ஒரு வீடு.

இந்தப் பக்கத்தில் வீடு என்பது பெண்ணின் சொத்து. மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்க் குடியேறுவார். மகளுக்குக் கல்யாணம் என்றால் பெற்றவர்கள் வீட்டை அவள் பெயருக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள், மனையின் பின்புறத்தில் ஒரு சின்னக் குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். சாமித்தம்பியும் அப்படித்தான் நாவலடியில் தன் மனைவி பூரணத்தின் வீட்டில் வாழ்ந்தார். சண்டை வரும்போதெல்லாம் பூரணம், "இது என்ட வீடு, வெளிய போங்க," என்பாராம். இவரும் போய் வாசலில் இருந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு உள்ளே வருவாராம். இப்படியே இருபத்தைந்து வருடம் போனது.

2004 டிசம்பர் 26இல் கடல் அந்த வீட்டைக் கொண்டுபோயிற்று. அன்று பூரணை, முழுநிலா நாள். மூவரும் கோயிலுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். பிறகு திராய்மடுவில் புது வீடுகள் கட்டினார்கள். வீடு கொடுக்க வந்த வெளியூர்க்காரர்கள், குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். ஆண்களெல்லாம் கையைத் தூக்கினார்கள். வாழ்நாளில் முதன்முறையாகச் சாமித்தம்பி பெயரில் ஒரு வீடு வந்தது.

"அதோட மனிசன் மாறிட்டார்," என்றான் வதனன். "ஒரு நாள் கறிக்கு உப்புக் கூடிப் போச்சு. சண்டை. மாமா வீட்டுக் கடதாசிய எடுத்துக் காட்டி, இது என்ட வீடு, வெளிய போ எண்டிட்டார். மாமி போயிட்டா. வாகரையில அவட அக்கா வீட்ட இருக்கிறா."

"எப்போது?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பேன்?

"போன வருசம் வைகாசி. நாட்டில சண்டை முடிஞ்ச மாசம்தான் ஐயா, எங்கட வீட்டில தொடங்கின."

அம்மா இல்லாமல் மணவறையில் இருக்கமாட்டேன் என்கிறாள் சுகந்தி. பெண்ணுக்கு வீடில்லாமல் மகனை அனுப்பமாட்டேன் என்கிறார் வதனனின் தாயார். ஆவணி பிறந்தால் வேறிடம் பார்க்கப்போவதாகவும் சொல்லிவிட்டார். ஆவணி பிறக்க அதிக நாள் இல்லை.

வெளியே வந்தபோது சாமித்தம்பி எழுந்து, "எப்படி ஐயா என்ட கோட்டை?" என்றார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலும் மீன் சொதியும். ரொட்டியை இங்கே பாண் என்கிறார்கள், போர்த்துக்கேயச் சொல். உட்கார்ந்தது கதிரையில், அதாவது நாற்காலியில். அதுவும் அவர்களுடையது. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டையைக் கட்டிப் பத்தே வருடத்தில் இழந்தார்கள். சாப்பாட்டு மேசையை இன்னும் இழக்கவில்லை. இதை வசந்தாவிடம் சொன்னேன். "சொதி ஆறுது," என்றாள்.

கல்லடிப் பாலம் வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போக முடியும். வதனன் முறை வருமுன் புகுந்துவிட்டான். நட்டநடுவில் எதிரே ஒரு உழவு இயந்திரம். அதன் பெட்டி நிறைய வைக்கோல்.

"பின்னால எடு!" என்றார் உழவு இயந்திரக்காரர்.

"நீங்க எடுங்க அண்ணே, நான்தான் முதல் ஏறின."

"பெட்டியோட பின்னால போறதுக்கு நான் என்ன நண்டா?"

எங்களுக்குப் பின்னால் ஹாரன்கள். சாமித்தம்பி தலையை வெளியே நீட்டினார். "இந்தியாவிலருந்து வந்த ஆக்கள் இரிக்காங்க, வெக்கமில்லையா?" என்று இருதரப்பையும் பொதுவாகத் திட்டினார். கடைசியில் வதனன்தான் ஓட்டோவைப் பின்னால் தள்ளினான். நானும் இறங்கித் தள்ளினேன். பாலத்தின் கீழே ஒரு தோணிக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு நாங்கள் தள்ளுவதை ரசித்துக்கொண்டிருந்தார்.

பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டை, அதாவது கலங்கரை விளக்கத்தைப் பார்த்தோம். 1913. அங்கிருந்து நாவலடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒல்லியான மணல். வீடுகள் இருந்த இடங்களில் அத்திவாரங்களும் கிணறுகளும் மிஞ்சியிருந்தன. எங்கள் ஊர்க் கடற்கரையிலும் இப்படி அத்திவாரங்கள் கிடந்ததை வசந்தாவும் நானும் பார்த்திருக்கிறோம்.

சாமித்தம்பி மணலில் புதைந்திருந்த ஒரு கல்லைக் காலால் துடைத்தார்.

"இதுதான் எங்கட வாசல். மனிசி ஏசினா இதுலதான் வந்து குந்தியிருப்பன்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் வசந்தா.

"மீன் கறி மணக்கும் வரைக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கல்லைவிட்டு நகரச் சற்று நேரமாயிற்று.

மதியச் சாப்பாடு திராய்மடுவில், அவருடைய வீட்டில். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். எதற்கும் பெயர்ப்பலகை இல்லை, ஒன்றைத் தவிர. தேக்குப் பலகை, நீல எழுத்து: சாமித்தம்பி இல்லம். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்ததால் வெயிலில் கண்ணைப் பறித்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைக்கிறார் அம்மா," என்று சுகந்தி வசந்தாவிடம் சொன்னாள். பாலர் பாடசாலை ஆசிரியை. மெதுவாகப் பேசினாலும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேரும். "உள்ளுக்கு அலுமாரிக்கு மேல ஒரு அடி தூசி. அதுக்கு அப்பாட பேர் எழுதயில்லத்தானே."

"ஓம், ஓம், கதை," என்றார் தகப்பன்.

சிவப்பரிசிப் பிட்டும் நண்டுக் கறியும். வாவி நண்டு. எங்கள் ஊரில் இந்த அளவு நண்டை ஏலத்தில்தான் பார்க்க முடியும், இலையில் பார்க்க முடியாது. நான் இரண்டாவது காலை உடைத்துக்கொண்டிருக்கையில் சாமித்தம்பி கறியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புக் குறைவு."

சுகந்தி நிமிரவில்லை. "கூடினா ஆக்கள் வீட்ட விட்டுப் போறாங்க. அதுதான் குறைச்சுப் போட்ட."

வதனன் பிட்டில் விக்கினான். வசந்தா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சாமித்தம்பி எழுந்துபோய்க் கையைக் கழுவினார். கழுவியபிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "பாசிக்குடாவுக்கு எப்ப ஐயா போறீங்க?" என்றார்.

"நாளைக்கு."

"அங்கால வாகரைப் பக்கம் பாக்க ஒண்டும் இல்லையா?"

"என் வரிசையில் இல்லை."

"ம்," என்றார்.

பாசிக்குடாக் கடலை என்னால் கடல் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. அலை கிடையாது. எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே தண்ணீர் ஏற மறுக்கிறது. கரையில் உல்லாச விடுதிகளுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் தண்ணீருக்குள் நின்றபடியே மாம்பழம் வெட்டிச் சாப்பிட்டது. அவர்களில் ஒருவர் சிங்களத்தில் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். வதனன் மொழிபெயர்த்தான்: "கத்தி இருக்கு, மாம்பழம் வேணுமா எண்டு கேக்கிறாங்க." இரண்டும் வாங்கிக்கொண்டோம்.

வசந்தா 2004க்குப் பிறகு கடலில் கால் வைத்ததில்லை. ஆறு வருடமாக மணலிலேயே நின்றுவிடுவாள். அன்று செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். கணுக்கால். முழங்கால். சாமித்தம்பியும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்குச் சற்றுத் தள்ளி இறங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், பேருந்துக்கு நிற்கிறவர்கள்போல நின்றார்கள். பிறகு வசந்தா திரும்பி, "இது கடல் இல்லீங்க, இது சாதுவான ஏதோ ஒண்ணு," என்று கத்தினாள்.

கரைக்கு வந்த சாமித்தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு விசயம். வாகரையில ஒரு கோட்டை இரிக்கி."

நான் நிமிர்ந்தேன். "எந்தப் புத்தகத்திலும் இல்லையே."

"அதுதானே. ஒருத்தரும் எழுதல்ல."

கோட்டைப் பைத்தியத்திடம் சொல்லக்கூடாத சொற்கள் இவை. யாரும் எழுதாத கோட்டை! ஓட்டோவில் திரும்பும்போது விவரம் கேட்டேன். பாசிக்குடாவில் அங்கே இரண்டு பீரங்கிகள் இருந்தன. வாழைச்சேனைச் சந்தியில் நான்காயின. ஏறாவூரைத் தாண்டும்போது திருகோணமலை வரை ஒரு சுரங்கமும் சேர்ந்துகொண்டது.

"கட்டியது யார்? போர்த்துக்கேயரா, ஒல்லாந்தரா?"

"ரெண்டு பேரும்தான். பாதிப் பாதி."

வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டோவின் கண்ணாடியில் வதனனின் கண்கள் மின்னின. அவனுக்கும் புரிந்துவிட்டது. உலக வரலாறு படித்த எனக்குத்தான் புரியவில்லை.

மறுநாள் காலை சாமித்தம்பி முகச்சவரம் செய்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். கையில் வாழையிலையால் வாய் கட்டிய ஒரு பெரிய தயிர்ச்சட்டி. இந்த ஊர் எருமைத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்பார்கள்.

"கோட்டைக்கு எதற்குத் தயிர்?"

"வழியில பசிச்சா?"

பின் இருக்கையில் மூவர், நடுவில் தயிர். வாழைச்சேனைக்கு அப்பால் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. செம்மண் புழுதியில் எங்கள் நால்வருக்கும் ஒரே நிறம் வந்தது. சாலையோரம் மிதிவெடி இருக்கிறதென்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். அவற்றுக்கு இந்தப் பக்கம் புதுத் தகரக் கூரைகளும், காயப்போட்ட பள்ளிச் சீருடைகளும். வாகரைக்குக் கடலும் வந்தது. அது போய் இரண்டு வருடத்தில் போரும் வந்தது. பனிச்சங்கேணியை நெருங்கும்போது சக்கரத்தில் காற்றுப் போயிற்று. வதனன் சக்கரத்தை மாற்றும்வரை சாமித்தம்பி சட்டியைத் தரையில் வைக்க மறுத்து, வெயிலில் ஏந்திக்கொண்டு நின்றார். புழுதி படாமல் சட்டையை அடிக்கடி உதறினார். தலை சீவினார். ஒரு கோட்டைக்காக யாரும் இவ்வளவு சீவமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வசந்தா," என்றேன் மெதுவாக, "வாகரையில் கோட்டை இல்லை."

"அப்பாடா," என்றாள்.

கடற்கரைக்குப் போகும் மணல் பாதையில் ஒரு தகரக் கொட்டிலுக்கு முன்னால் வதனன் ஓட்டோவை நிறுத்தினான். முற்றத்தில் பாயில் காய்ந்த நெத்தலியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தார். குட்டையான உருவம், நெற்றியில் பெரிய பொட்டு. அவர்தான் பூரணம். கணவரை, சட்டையை, சட்டியை என்று வரிசையாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"என்ன தம்பி, இவ்வளவு தூரம்?" என்று கேட்டது கணவரை அல்ல, வதனனை.

சாமித்தம்பி முந்திக்கொண்டார். "இந்த ஐயாவுக்குக் கோட்டை பாக்கணுமாம். இந்தியாவிலருந்து வந்தவர். அதுதான் கூட்டிக்கொண்டு வந்த. சும்மா இந்தப் பக்கத்தால போகக்குள்ள…"

"என்ன கோட்டை?"

"வாகரைக் கோட்டை."

பூரணம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க படிச்ச மனிசர். நீங்க சொல்லுங்க. வாகரையில கோட்டை இரிக்கா?"

ஒரு வருடம் பிந்திய தேதிக்காகப் பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கண்டித்து எழுதுகிறவன் நான். எனக்கு இடப்பக்கம் தயிர்ச்சட்டியோடு ஒரு மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் வதனன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

"இருக்கிறது," என்றேன்.

"எங்க?"

சுற்றிலும் பார்த்தேன். வேலிக்கு அப்பால் முழங்கால் உயரத்தில் ஒரு கல் சுவரின் மிச்சம் தெரிந்தது. "அதோ. சிதைந்துவிட்டது. ஒல்லாந்தர் காலம். ஆயிரத்து அறுநூற்று…" வாழ்வில் முதன்முறையாக எனக்கு ஆண்டு வரவில்லை. "அறுநூற்றுச் சொச்சம்."

பூரணம் அந்தச் சுவரைப் பார்த்தார். "அது என்ட அக்கா சமைச்ச குசினி ஐயா. சுனாமியில போன."

கொட்டிலுக்குள்ளிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது, அந்த அக்கா. பிறகு வசந்தா. பிறகு பூரணத்தின் தோள்கள் குலுங்கின. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், துடைத்து முடித்தபோது சிரிக்கவில்லை.

"ஒரு வருசம்," என்றார் கணவரிடம். "ஒரு வருசம் கழிச்சு வாறதுக்கு ஒல்லாந்தன் வேணுமா உங்களுக்கு?"

"நீ இருபத்தஞ்சு வருசம் என்ன வெளிய போ எண்டு சொன்ன. நான் ஒருக்காத்தானே சொன்னன்."

"நான் சொல்லக்குள்ள என்ட கையில என்ன இருந்த?"

சாமித்தம்பி யோசித்தார். "அகப்பை."

"நீங்க சொல்லக்குள்ள?"

அவர் தயிர்ச்சட்டியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து முதன்முறையாக அவர் கை சும்மா இருந்தது.

"கடதாசி," என்றார் கடைசியில்.

"அகப்பையோட சொன்னா, சோறு திங்க வாங்க எண்டுதான் அர்த்தம். கடதாசியோட சொன்னா அப்படியா?"

"எனக்கு ஒரு வீடு இருந்ததில்லயே பூரணம். அந்தக் கடதாசிய நான் எத்தின தரம் எடுத்துப் பாத்தன் எண்டு உனக்குத் தெரியாது."

"தெரியும். தலையணைக்குக் கீழதான வெச்சிருந்தீங்க." அவர் குரல் இறங்கியது. "பிள்ளைக்கு அத மாத்திக் குடுங்க. வீடு அவளுக்கு. நாம ரெண்டு பேரும் பின்வளவில ஒரு குடில் போட்டுக்கொண்டு இருப்பம்."

"அது யார்ட பேரில?"

"அதுக்குப் பேர் எழுத ஒருத்தரும் வரமாட்டாங்க. பயப்படாதங்க."

பூரணம் குனிந்து வாழையிலையைப் பிரித்து ஒரு விரலால் தயிரைத் தொட்டு நாக்கில் வைத்தார். "புளிச்சிட்டு," என்றார். ஆனாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனார். துணிப்பையோடு திரும்பி வந்தார்.

திரும்பும் ஓட்டோவில் இடம் போதவில்லை. கோட்டை கண்டுபிடித்தவர்கள் என்ற முறையில் வசந்தாவும் நானும் பஸ்ஸில் போவதென்று முடிவாயிற்று. பஸ்ஸில் ஒரு மூட்டை கருவாட்டுக்கும் ஒரு கூடை கோழிக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வசந்தா கேட்டாள்:

"என்னங்க, நம்ம வீடு யார் பேர்ல இருக்கு?"

"தரங்கம்பாடிக் கோட்டை 1845இல் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது…"

"நான் கோட்டையக் கேக்கல."

ஒரு கோழி என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் கோட்டை வாசலில் மறுபடி கூடினோம். சாமித்தம்பி வழக்கமான மரத்தடியைப் பார்த்து நடையைத் தளர்த்தினார். பூரணம் அவர் முழங்கையைப் பிடித்தார். "வாங்க. ஐயா காட்டின கோட்டையப் பாத்தாச்சு. இதையும் பாப்பம்." பின்னால் சுகந்தி. அதற்குப் பின்னால், தன் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வதனன். நாங்கள் பீரங்கிப் பக்கமாய் வாவியைப் பார்த்து உட்கார்ந்தோம். வசந்தாவின் முதல் நிபந்தனை அன்றுதான் முழுதாக நிறைவேறியது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். முதல் படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். மீதி வேலை மாதக்கணக்கில் இழுக்குமாம். அதனாலென்ன, கேட்ட இடத்தில் சாமித்தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார். வதனன் தன் தாயாருக்குத் தொலைபேசியில், "ஓம் அம்மா, போட்டிட்டார். ஓம், ரெண்டு தரம் போட்டவர்," என்று கத்திக்கொண்டிருந்தான். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாமென்று மறுமுனையில் சொன்னது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"எழுதுங்க ஐயா," என்றார் சாமித்தம்பி. "இண்டையோட சாமித்தம்பிக்கு வீடில்ல."

"வெயிலுக்க நிண்டு கதைக்காம வாங்க, வீட்ட போவம்," என்றார் பூரணம்.

நாங்கள் புறப்படும் நாளில் விடைபெறத் திராய்மடுவுக்குப் போனோம். பின்வளவில் நான்கு கம்புகள் நட்டு, தென்னங்கிடுகு வேயத் தொடங்கியிருந்தார்கள். சுவர் வரவில்லை. கூரை பாதிதான். ஆனால் முன்கம்பில் பெயர்ப்பலகை ஏறிவிட்டது. சாமித்தம்பிக்குப் பக்கத்தில், அதே நீலச் சாயத்தில், சற்றுக் கோணலாகப் பூரணம் என்றும் எழுதியிருந்தது.

சாமித்தம்பி தூரிகையை என்னிடம் நீட்டினார். "உங்கட கோட்டையில எல்லாம் வருசம் போட்டிரிக்கும்தானே. இதுக்கும் ஒண்டு போடுங்க."

இந்தப் பயணத்தில் என்னிடம் ஒருவர் ஆசையோடு ஆண்டு கேட்டது அப்போதுதான். "2010," என்று தொடங்கினேன்.

"அது குடிலுக்கு," என்றார் பூரணம். "நாங்க கலியாணம் முடிச்ச வருசத்தப் போடுங்க."

"எந்த வருடம்?"

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "சூறாவளிக்கு அடுத்த வருசம்."

1979 என்று எழுதினேன். பழக்கம் விடவில்லை; கோட்டைகளுக்குப் போடுவதுபோல, முடிந்த ஆண்டுக்காக ஒரு சின்னக் கோடும் இழுத்துவிட்டேன்.

பூரணம் அதை உற்றுப் பார்த்தார். "அந்தக் கோடு என்னத்துக்கு ஐயா?"

முடிவு வருகிற ஆண்டை எழுத என்று விளக்கினேன்.

அவர் சேலைத் தலைப்பை எடுத்து, சாயம் காயுமுன் கோட்டை மட்டும் அழுத்தித் துடைத்தார். பிறகு உள்ளே திரும்பி, உப்புப் போட்டாயிற்றா என்று மகளைக் கேட்டார்.